மேசை மேல் ஒரு படை

மலர்க் குழுவிலிருந்து கட்டுரை கேட்டபோதே ஒரு நிபந்தனையும் போட்டார்கள். "எதைப் பத்தி வேணும்னாலும் எழுதுங்க, மெஸ் சாம்பாரைப் பத்தி மட்டும் வேண்டாம். அதை எல்லாரும் எழுதிட்டாங்க" என்றார்கள். நியாயம்தான். நான் சாம்பாரைத் தொடவில்லை. அந்த மெஸ் மேசையின் மேல் 2008-ல் நாங்கள் நடத்திய ஒரு யுத்தத்தைத் தொட்டுத் தொடங்குகிறேன். பிறகு ஜெர்மனி, இங்கிலாந்து என்று ஒரு சுற்றுப் போய்விட்டு மறுபடி மெஸ்ஸுக்கே வந்துவிடலாம்.

மூன்றாம் ஆண்டு ஸ்டடி ஹாலிடே சமயம். விடுதியில் ஒரு சீனியர் விட்டுப் போன பழைய புத்தகக் குவியலில், பொம்மைப் படைகளை மேசை மேல் வைத்துப் போர் விளையாடுவது பற்றிய ஒரு மெல்லிய ஆங்கில விதிப் புத்தகம் கிடைத்தது. எங்களிடம் பொம்மைக்கு ஏது காசு? ரெக்கார்டு நோட்டு அட்டையை நாற்பது மில்லிமீட்டர் அகலத்துக்கு வெட்டினோம். சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் கோடு போட்டது என் படை. நீலம் என் அறைத் தோழனுடையது. புத்தகத்தில் புரிந்ததை வைத்துக்கொண்டோம், புரியாததற்கு நாங்களே விதி எழுதினோம். காலாளுக்கு ஒரு முறைக்கு ஐம்பது மில்லிமீட்டர், குதிரைக்கு எழுபத்தைந்து. ஒரே ஒரு விதியை மட்டும் எழுத மறந்தோம். அதனால் வந்த வினையைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் ஒரு கேள்வி. சதுரங்கம் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு? யானை, குதிரை, தேர், காலாள் என்று நால்வகைப் படையைப் பலகையில் ஏற்றியது நம் நாடு. உலகம் முழுக்கப் போய்ச் செஸ் ஆனது அதுதான். ஆனால் செஸ் காய்க்கு முகம் கிடையாது என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? குதிரைக் காயின் மூக்கு எந்தப் பக்கம் பார்த்தாலும் அதன் பலம் ஒன்றுதான். நிஜப் படை அப்படியல்ல. தோளோடு தோள் சேர்ந்து நிற்கும் இருநூறு பேருக்கு முன்பக்கம் என்று ஒன்று உண்டு. அந்தப் பக்கம் அவர்கள் சுவர். பக்கவாட்டில் வந்து இடித்தால் சீட்டுக்கட்டு. ஆகவே பழங்காலப் போரில் பாதி வேலை சண்டை போடுவதல்ல, எதிரி திரும்புவதற்குள் நாம் திரும்புவது. அந்தத் திரும்புதலை எப்படி விளையாட்டில் கொண்டுவருவது என்பதுதான் சுமார் இருநூற்று நாற்பது வருஷமாக ஓடிக்கொண்டிருக்கும் கதை.

கதையின் முதல் ஆள் ஒரு கணக்கு வாத்தியார். ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரத்தைச் சேர்ந்த ஹெல்விக். 1780-ல் செஸ்ஸையே அடிப்படையாக வைத்து ஒரு போர் விளையாட்டைப் புத்தகமாக வெளியிட்டார். அறுபத்து நான்கு கட்டம் போதாதென்று ஆயிரத்து அறுநூறுக்கும் மேற்பட்ட கட்டங்கள். மலை, ஆறு, சதுப்பு நிலம் என்று கட்டத்துக்கு ஒவ்வொரு நிறம். அருமையான யோசனைதான். ஆனால் கட்டம் என்று வந்துவிட்டாலே ஒரு பிசகு கூடவே வரும். நேராகப் போனால் ஒரு கட்டம், மூலைவாட்டில் போனாலும் ஒரு கட்டம். மூலைவிட்டம் ஒன்று புள்ளி நான்கு மடங்கு நீளம் என்பது ஒன்பதாம் வகுப்புப் பையனுக்கே தெரியும். (பின்னாளில் அமெரிக்காவில் பலகை விளையாட்டுக்காரர்கள் 1961 வாக்கில் அறுகோணக் கட்டத்துக்கு மாறினார்கள். தேன்கூடு மாதிரி. அதில் அறுபது அறுபது டிகிரியாகத்தான் திரும்ப முடியும். அது தனிக் கதை, அதற்குள் போகவில்லை.)

கட்டத்தை விட்டு வெளியே வர வேண்டுமானால், நிஜப் படை எப்படித் திரும்புகிறது என்று தெரிய வேண்டும். இங்கே நம் கல்லூரி மைதானம் எனக்குக் கைகொடுக்கிறது. என்.சி.சி.யில் இருந்தவர்களுக்கு அந்த "தாஹினே கூம்" நினைவிருக்கும். வரிசை அப்படியே கதவு திறப்பது போல வலப்பக்கம் சுழல வேண்டும். உள்பக்கம் நிற்பவன் கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே கால் மாற்றிக்கொண்டிருப்பான். வெளிப்பக்கம் நிற்பவன் மூச்சு வாங்க எட்டி நடப்பான். நடுவில் இருப்பவர்கள் இருவரையும் பார்த்துப் பார்த்து நடந்து, வரிசை முருங்கைக்காய் மாதிரி வளையும். ஹவில்தார் சொன்ன வார்த்தைகளை மலரில் அச்சிட முடியாது. நான் உயரம் என்பதால் எப்போதும் வெளிமுனை. அதனால் இந்தக் கணக்கு எனக்குக் கால் வழியாகவே தெரியும்.

கணக்கைத்தான் பாருங்களேன். இருநூறு மீட்டர் அகலமுள்ள ஒரு பட்டாளம் முழுதாகத் தொண்ணூறு டிகிரி சுழல்கிறது என்று வையுங்கள். வெளிமுனை ஆள் நடக்க வேண்டிய வில் முந்நூற்றுப் பதினான்கு மீட்டர். பதினெட்டாம் நூற்றாண்டுக் கடைசியில் ஆங்கிலேயப் படையின் சாதாரண நடை நிமிஷத்துக்கு 75 அடிவைப்பு, ஒரு அடிவைப்பு 30 அங்குலம். அதாவது நிமிஷத்துக்கு 57 மீட்டர். ஆக, ஒரு திருப்பத்துக்கு ஐந்தரை நிமிஷம். சுழல்வதற்கென்றே வைத்திருந்த 120 அடிவைப்பு வேகத்தில் போனாலும் மூன்றரை நிமிஷம். அதுவரை எதிரி பீரங்கிக்காரன் சும்மா கைகட்டி நிற்பானா?

அதனால் யாரும் முழு வரிசையைச் சுழற்றவில்லை. உடைத்தார்கள். இருநூறு மீட்டரை இருபது மீட்டர் வீதம் பத்துத் துண்டாக்கி, ஒவ்வொரு துண்டையும் அதனதன் இடத்திலேயே சுழற்றினால் வெளிமுனை நடப்பது 31 மீட்டர்தான். சுமார் இருபது விநாடி. இப்போது வரிசை மறைந்து, ஒன்றன் பின் ஒன்றாகப் பத்துத் துண்டுகள் கொண்ட நீண்ட பத்தி கிடைத்துவிட்டது. பத்தியாக எங்கே வேண்டுமானாலும் நடத்திக்கொண்டு போகலாம். போய்ச் சேர்ந்ததும் ஒரே கட்டளை, பத்துத் துண்டும் மறுபடி சுழன்றால் இருநூறு மீட்டர் வரிசை தயார். ஒரே ஒரு நிபந்தனை: நடந்து போகும்போது துண்டுக்கும் துண்டுக்கும் நடுவே சரியாக அதே இருபது மீட்டர் தூரம் இருக்க வேண்டும். பதினைந்தாகக் குறைந்தால் சுழலும்போது ஒன்றின் மேல் ஒன்று ஏறும். இருபத்தைந்தானால் வரிசையில் ஐந்து மீட்டர் ஓட்டை விழும், எதிரிக் குதிரைக்காரன் அதில் நுழைவான். பிரஷ்யர்கள் தாளம் தப்பாமல் நடப்பதற்கு உயிரைக் கொடுத்துப் பயிற்சி எடுத்தது அழகுக்காக அல்ல, இந்த இருபது மீட்டருக்காக.

இதன் உச்சம் 1757 டிசம்பர் 5, லாய்த்தன் என்ற ஊர். மகா ஃப்ரெடரிக் மன்னரிடம் சுமார் முப்பத்தைந்தாயிரம் பேர், எதிரே ஆஸ்திரியர்கள் ஏறக்குறைய அதைப்போல் இரு மடங்கு. ஆஸ்திரியர்களின் வலப்பக்கத்தைத் தாக்குவதுபோல் பாவனை காட்டிவிட்டு, தாழ்ந்த குன்றுகளின் மறைவில் பத்திகளாகத் தெற்கே நடந்துபோய், அவர்களுடைய இடது விலாவுக்கு எதிரே வரிசையாகத் திரும்பி நின்றார். ஆஸ்திரியர்கள் அந்தப் பக்கம் முகம் திருப்ப முயன்று ஒன்றின் மேல் ஒன்றாகக் குவிந்தார்கள். பொழுது சாய்வதற்குள் கதை முடிந்தது. கத்தியும் துப்பாக்கியும் அங்கே பேசியது உண்மைதான், ஆனால் போரை வென்றது அந்த நடையும் திருப்பமும் என்பது என் கட்சி.

இங்கிலாந்தில் டேவிட் டண்டாஸ் என்ற தளபதி 1788-ல் இந்தப் பிரஷ்யப் பாணியைப் பெரிய புத்தகமாக எழுதினார். 1792-ல் அதுவே படையின் அதிகாரபூர்வ விதியாயிற்று. மொத்தப் பயிற்சியையும் பதினெட்டு அசைவுகளாக அடக்கியிருந்தார். சுழலும்போது நகராமல் நிற்கும் அச்சு ஆளைப் பற்றியே ஓயாமல் பேசியதால் மனிதருக்கு "கிழட்டு அச்சாணி" என்ற பொருளில் பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள். நம் விடுதியில் வைத்த பட்டப்பெயர்களை நினைத்தால் இது கௌரவமானது.

இனி மறுபடி விளையாட்டுக்கு வருவோம். 1806-ல் யேனாவில் நெப்போலியனிடம் பிரஷ்யா நொறுங்கிப்போனது. தாளம் தப்பாத நடை மட்டும் போதாது, தலைமை தாங்குகிறவன் யோசிக்கவும் பழக வேண்டும் என்று உறைத்தது. ப்ரெஸ்லாவில் ரைஸ்விட்ஸ் என்று ஒரு சிவில் அதிகாரி. அவர் 1812-ல் மன்னருக்கு ஒரு மேசையைக் காணிக்கையாகக் கொடுத்தார். மலையும் ஆறும் காடுமாகச் செய்த சதுர ஓடுகளை மேலே விருப்பப்படி அடுக்கலாம், துருப்புகளைக் குறிக்கும் சிறு கட்டைகள் கட்டத்துக்குள் அடங்காமல் எங்கே வேண்டுமானாலும் நகரும். கட்டம் ஒழிந்தது! நகர்வை அளவுகோல் வைத்து அளக்க வேண்டும். மேசை இளவரசர்களுக்கு நல்ல பொழுதுபோக்காக இருந்தது, அத்தோடு சரி.

அதை நிஜமாகவே படைக்குக் கொண்டுபோனவர் அவர் மகன். பீரங்கிப் படையில் லெஃப்டினன்ட். ஆடம்பர மேசையைத் தூக்கி எறிந்துவிட்டு, 1:8000 அளவில் வரைந்த வரைபடத்தை விரித்தார். சிவப்பு, நீலம் என்று சிறு ஈயத் துண்டுகள். ஒவ்வொரு துண்டின் அகலமும், அந்தப் படை நிஜத்தில் எவ்வளவு இடத்தை அடைத்து நிற்குமோ அதே அளவீட்டில். ஒரு முறை ஆட்டம் என்பது நிஜத்தில் இரண்டு நிமிஷம். முன்னே சொன்ன ஆங்கிலேய நடைக் கணக்கையே போட்டால் இரண்டு நிமிஷத்தில் 114 மீட்டர், வரைபடத்தில் ஒன்றரை சென்டிமீட்டருக்கும் குறைவு. ஆடுபவர்கள் காயைத் தொடக்கூடாது. உத்தரவை எழுதி நடுவரிடம் கொடுக்க வேண்டும், நடுவர்தான் நகர்த்துவார். எதிரியின் கண்ணுக்குத் தெரியக்கூடிய துருப்புகள் மட்டுமே வரைபடத்தில் ஏறும். பகடையும் உண்டு. 1824-ல் விதிகள் அச்சாயின. தலைமைத் தளபதி முஃப்ளிங் முதலில் அசுவாரசியமாகப் பார்க்க ஆரம்பித்து, ஆட்டம் போகப் போக எழுந்து உட்கார்ந்து, இது விளையாட்டே அல்ல, போருக்கான பயிற்சி என்று அறிவித்ததாகச் சொல்வார்கள். படைப்பிரிவுகளுக்கெல்லாம் பரிந்துரைத்தார்.

இவ்வளவு புகழுக்குப் பிறகு அந்த லெஃப்டினன்ட் என்ன ஆனார் தெரியுமா? கேப்டனாகப் பதவி உயர்வு கொடுத்து, பெர்லினை விட்டு டோர்காவ் என்ற ஊருக்கு மாற்றினார்கள். பொறாமைக்காரர்கள் சேர்ந்து தன்னை நாடு கடத்திவிட்டதாகவே அவர் எடுத்துக்கொண்டார். 1827-ல் தற்கொலை செய்துகொண்டார். வயது முப்பதைக் கொஞ்சம் தாண்டியிருந்தது. இப்போது எனக்கும் அதே முப்பதுகள். நாம் தயாரித்த ஒரு நல்ல பொருளை நிர்வாகம் தட்டிக்கொடுத்துவிட்டு நம்மை வேறு ஊருக்கு மாற்றினால் எப்படி இருக்கும் என்று தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர்களுக்குத் தெரியும். அவர் இன்னும் நாற்பத்தைந்து வருஷம் இருந்திருந்தால், 1866-லும் 1870-லும் பிரஷ்யா வென்றதும், மற்ற நாட்டுப் படைகளெல்லாம் அவருடைய விளையாட்டைத் தேடி ஓடி வந்ததைக் கண்ணாலேயே பார்த்திருப்பார்.

அதற்குள் விதிகள் தடித்துவிட்டன. அட்டவணை மேல் அட்டவணை. 1876-ல் வெர்டி து வெர்னுவா என்ற தளபதி அட்டவணைகளை ஓரம் கட்டிவிட்டு, அனுபவமுள்ள நடுவர் சொல்வதே தீர்ப்பு என்று மாற்றினார். எழுதிய விதியா, நடுவரின் மனசாட்சியா என்ற இந்த வழக்கு இன்றுவரை தீரவில்லை. நல்ல நடுவர் கிடைத்தால் வெர்டி சொன்னது சரி. எங்கள் அறையில் நடுவராக இருந்த மூன்றாமவன் குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான்.

அடுத்து வருபவர் எல்லோருக்கும் தெரிந்த ஆள். கால இயந்திரக் கதை எழுதிய ஹெச்.ஜி. வெல்ஸ். 1913-ல் "லிட்டில் வார்ஸ்" என்ற புத்தகத்தில், பெரியவர்கள் தரையில் மண்டியிட்டுத் தகரப் பொம்மைகளோடு விளையாட விதி எழுதினார். காலாள் ஒரு அடி, குதிரை இரண்டு அடி. ஸ்பிரிங் வைத்த பொம்மைப் பீரங்கியில் மரக்குச்சியைச் சுட்டு எதிரி பொம்மையைச் சாய்க்க வேண்டும், பகடையே கிடையாது. ஜாலியான புத்தகம். ஆனால் அணி என்ற விஷயமே அதில் இல்லை. ஒவ்வொரு பொம்மையும் தன் இஷ்டத்துக்கு ஒரு அடி நகரும். இருநூறு பேரைத் திருப்புகிற கஷ்டம் வெல்ஸுக்குக் கவலையில்லை. அடுத்த வருஷமே நிஜப் போர் வந்துவிட்டது.

அணியை மறுபடி மேசைக்குக் கொண்டுவந்தவர்கள், இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய ஆங்கிலேயர்கள். டொனால்ட் ஃபெதர்ஸ்டோன் 1962-லும், கமாண்டோவாக நிஜப் போர் பார்த்த பிரிகேடியர் பீட்டர் யங் இன்னொருவரோடு சேர்ந்து 1967-லும், சார்லஸ் கிராண்ட் 1971-லும் புத்தகம் போட்டார்கள். பொம்மைகளைத் தனித்தனியாக நகர்த்தினால் ஒரு போர் முடிய ஒரு வாரம் ஆகும் என்பதால், ஒரு பிரிவை ஒரே தட்டில் நிற்கவைத்துத் தள்ளும் வழக்கம் பரவியது. நம் பாஷையில் சொன்னால் திடப்பொருள் இயக்கம். ஒரு முன்மூலையை அச்சாக வைத்துத் தட்டைச் சுழற்று, மறுமூலை போன தூரத்தை அள. டண்டாஸின் வெளிமுனை ஆள் இங்கே ஒரு தட்டின் மூலையாகிவிட்டான்.

இந்த வழியில் மிகக் கெட்டிக்காரர் என்று நான் நினைப்பது ஃபில் பார்க்கர். 1969-ல் நண்பர்கள் இருவரோடு பழங்காலப் போர் விதிகளை வெளியிட்டார். பதிப்புக்குப் பதிப்பு அது வளர்ந்துகொண்டே போனது. ஒரு வாக்கியத்தில் ஒன்பது நிபந்தனை வைத்து எழுதுவார், அந்த நடைக்கே அவர் பெயரால் ஒரு கேலிப்பெயர் உண்டு. அதே மனிதர் 1990-ல் எல்லாவற்றையும் சுருக்கி, டி.பி.ஏ. என்று ஒரு மெல்லிய புத்தகம் கொண்டுவந்தார். பக்கத்துக்குப் பன்னிரண்டே பன்னிரண்டு துண்டுகள். சிறிய பொம்மைகளுக்கு ஒரு துண்டின் முகப்பு நாற்பது மில்லிமீட்டர். ஒவ்வொரு முறையும் ஒரு பகடை உருட்ட வேண்டும், விழுந்த எண் எத்தனையோ அத்தனை நகர்வுதான். ஒன்று விழுந்தால் ஒரே நகர்வு. மற்றவர்கள் நின்ற இடத்தில் நிற்க வேண்டியதுதான். ஆனால் விளிம்போடு விளிம்பு ஒட்டி, ஒரே திசை பார்த்து நிற்கும் துண்டுகள் ஒரு கூட்டம். கூட்டத்தை நகர்த்த ஒரு எண் போதும். அதற்கு விலை, கூட்டம் தனித் துண்டுபோல் நினைத்தபடி திரும்ப முடியாது. நேரே போகலாம், சுழலலாம், ஒடுங்கிப் பத்தியாகலாம்.

இது எவ்வளவு அழகான வடிவமைப்பு பாருங்கள். வரிசையைக் குலையாமல் வைத்திருந்தால் நிர்வாகம் சுலபம், ஆனால் விறைப்பு. உடைத்தால் லாகவம், ஆனால் மேய்க்க முடியாது. ஃப்ரெடரிக்கின் தலைவலி முழுவதும் ஒரு பகடைக்குள் வந்துவிட்டது. எங்கள் ஐம்பது மில்லிமீட்டர் விதிப்படி, ஆறு துண்டுகள் சேர்ந்த 240 மில்லிமீட்டர் வரிசை ஒரு முறைக்குப் பன்னிரண்டு டிகிரிதான் சுழலும். தொண்ணூறு திரும்ப எட்டு முறை வேண்டும். முதல் ஆட்டத்திலேயே இதைப் பட்டுத் தெரிந்துகொண்டு பத்திக்கு மாறினோம். லாய்த்தனைப் பற்றி அப்போது இருவருக்கும் ஒன்றும் தெரியாது.

பின்னால் வந்தவற்றில் பெரிய வியாபாரம் 1983-ல் பிறந்த வார்ஹாமர். பூதம், குள்ளன், டிராகன் என்று மாயக் கதைப் படைகள், ஆனால் சுழற்சி விதி என்னவோ சுத்தமான பதினெட்டாம் நூற்றாண்டு. 2010 பதிப்புக்கு முந்தைய பதிப்புகளில் தூரத்தை முன்கூட்டி அளக்கவும் கூடாது. கண் மதிப்பில் பாய்ச்சல் அறிவித்து, எட்டாவிட்டால் நடுவழியில் நிற்க வேண்டியதுதான். 2015-ல் நிறுவனம் அந்த விளையாட்டையே நிறுத்திவிட்டு, வட்ட அடித்தட்டில் தனித்தனிப் பொம்மைகள் நிற்கும் புதிய ஆட்டத்தைக் கொண்டுவந்தது. வட்டத்துக்கு முன்பக்கம் ஏது, விலா ஏது? மறுபடி வெல்ஸ் காலத்துக்கே போய்விட்டார்கள் என்று பழைய ஆட்டக்காரர்கள் புலம்பினார்கள். 2024-ல் சதுரத் தட்டும் சுழற்சியும் "ஓல்ட் வேர்ல்ட்" என்ற பெயரில் திரும்பி வந்தன.

சரி, மெஸ் மேசைக்கு வருவோம். தோழனின் நீலக் குதிரைப்படை பத்தியாக வந்து, தொண்ணூறு டிகிரி சுழன்று, பதினைந்து மில்லிமீட்டர் தள்ளி நின்ற என் காலாட்படையின் விலாவில் மோத வேண்டும். மோதினால் ஆட்டம் அவனுக்கு. அவன் பிளாஸ்டிக் ஸ்கேலை எடுத்து, வெளிமூலை கிளம்பிய புள்ளிக்கும் சேர்ந்த புள்ளிக்கும் நேர்கோட்டில் வைத்தான். 57 மில்லிமீட்டர். எழுபத்தைந்தில் மிச்சம் பதினெட்டு, தாராளமாக எட்டும். நான் விடவில்லை. "மூலை வளைஞ்சுதானேடா வந்துச்சு, பறந்தா வந்துச்சு? வில்லை அள" என்றேன். வில் 63 மில்லிமீட்டர். மிச்சம் பன்னிரண்டு. எட்டாது. விதியில் எப்படி அளப்பது என்று எழுதவே இல்லை. "ஸ்கேல் வளையுமாடா?" என்றான் அவன். குரல் உயர்ந்தது. கடைசியில், "நீ எப்பவுமே உனக்குச் சாதகமாத்தான் அளப்ப" என்று சொல்லிவிட்டு அட்டைகளை அப்படியே போட்டுவிட்டு எழுந்து போனான். அந்த செமஸ்டர் முடியும் வரை ஒரே அறையில் இருந்துகொண்டு நாங்கள் பேசவில்லை.

கணக்குப்படி நான் சொன்னதுதான் சரி. வெளிமுனை ஆள் நடப்பது வில்லில், நாணில் அல்ல. இத்தனை வருஷம் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். யாரிடமும் சொல்லாத ஒன்று உண்டு. அதே ஆட்டத்தில், அதற்கு நாலு முறை முன்னால், என் சிவப்புக் குதிரைப் பத்தி ஒன்று தொண்ணூறு டிகிரி திரும்பியது. நான் அதை ஸ்கேலால் மூலைக்கு மூலை நேராகத்தான் அளந்தேன். அந்த ஆறு மில்லிமீட்டரில்தான் பாலத்தைப் பிடித்தேன். அவன் பார்த்துக்கொண்டே இருந்தான், ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு இது நினைவுக்கு வந்தது கல்லூரி முடிந்து இரண்டு மூன்று வருஷம் கழித்து, ரயிலில், ஒரு ராத்திரி.

இந்தச் சந்திப்புக்கு வருவோர் பட்டியலில் அவன் பெயர் இருக்கிறது. அட்டைகள் எங்கே போயினவோ. ரெக்கார்டு நோட்டு அட்டை கிடைத்தால் யாராவது எடுத்து வையுங்கள், ஸ்கெட்ச் பேனா என்னிடம் இருக்கிறது. அளப்பதற்கு இந்த முறை ஸ்கேல் வேண்டாம். வளையக்கூடிய நூலாக ஒரு சாண் எடுத்து வருகிறேன், அவன் கையிலேயே கொடுத்துவிடுகிறேன்.